பதினேழாம் நம்பர் வில்லை

"எம் பொண்ணு எங்க மிஸ்?" என்று மல்லிகா வந்து கேட்டபோது என் வாயில் பாதி பன் இருந்தது.

எங்கள் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஏரியின் கரை அது. மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்புமாக இருபத்துநாலு பிள்ளைகள், நனைந்த யூனிஃபார்மோடு வெயிலில் உட்கார்ந்து பன்னை டீயில் முக்கித் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நீச்சல் சோதனை வைத்து அப்போதுதான் முடித்திருந்தேன். சிப்காட் பக்கமிருந்து வழக்கமான இரும்பு வாசனை அடித்தது. நைட் ஷிப்ட் முடித்த கையோடு, கம்பெனி கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள் மல்லிகா.

"இங்கதான் இருப்பா" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். கூட்டத்தில் சங்கீதா இல்லை. பெண் பிள்ளைகள் உடை மாற்றுவதற்காகப் பழைய வேட்டியைக் கட்டி மறைத்திருந்த இடத்திலும் இல்லை.

பக்கத்தில் நின்ற சாலமன் அண்ணன் பதறவில்லை. தன் மரப்பலகையைக் காட்டினார். இருபத்துநாலு ஆணிகள். ஒன்றிலும் வில்லை இல்லை.

"பலகை காலி மிஸ். எல்லாம் வெளிய வந்தாச்சி. ஊட்டுக்குப் போயிருக்கும்."

அப்போது அவருடைய மகள் எஸ்தர் எழுந்து நின்றாள். வாயில் இருந்த பன்னை விழுங்க முடியாமல் வலது கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் இரண்டு தகர வில்லைகள் இருந்தன. பதினாறு அவளுடையது. பதினேழு சங்கீதாவுடையது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். பலகை என்ன, வில்லை என்ன என்று சொல்லாவிட்டால், அதைப் பார்த்து நான் ஏன் பன்னைக் கீழே போட்டேன் என்று உங்களுக்குப் புரியாது.

இரண்டு கையும் தூக்கியவன்

கோ-கோ ஆடி நான் பல் உடைத்துக்கொண்ட கதையைப் போன வாரம் இந்தத் தொடரில் படித்த ஒரு வாசகி, "விளையாட்டு டீச்சருக்கு எல்லா விளையாட்டும் தெரியுமா?" என்று கேட்டிருந்தார். தெரியாது அம்மா. தெரியாததையும் தெரிந்த முகத்தோடு செய்வதற்குத்தான் கழுத்தில் விசில் மாட்டியிருக்கிறார்கள்.

மாவட்டத்தில் எங்கோ ஒரு குட்டையில் பிள்ளைகள் மூழ்கிய செய்தி வந்திருந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. அடுத்த சில நாட்களிலேயே, எந்தெந்த மாணவருக்கு நீச்சல் தெரியும் என்று பட்டியல் கேட்டு ஒரு காகிதம் வந்தது. தலைமையாசிரியர் அதை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பள்ளியில் எதற்காவது உரிமையாளர் இல்லாவிட்டால் அது பி.டி. டீச்சர் தலையில்தான் விடியும்.

"நீச்சல் தெரிஞ்சவங்க கை தூக்குங்க" என்றேன். வகுப்பில் இருந்த அத்தனை கையும் மேலே போனது. ஒருத்தன் இரண்டு கையையும் தூக்கினான்.

"எங்கடா கத்துக்கின?"

"போன்ல பாத்துக்கீறேன் மிஸ்."

அந்தக் கணக்கை அப்படியே எழுதி அனுப்பியிருந்தால் எங்கள் பள்ளியில் தண்ணீருக்குப் பயப்படும் பிள்ளை ஒன்றுகூட இல்லை என்று ஆகியிருக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. நானே ஒருமுறை அப்படிக் கை தூக்கியவள்தான்.

சின்ன வயதில் பொதட்டூர்பேட்டையில் எங்கள் அத்தை வீட்டுக் கிணற்றடியில் நின்று, எனக்கு நீச்சல் நன்றாக வரும் என்று பீற்றிக்கொண்டேன். அத்தை மகள் அதை நம்பித் தள்ளிவிட்டாள். எனக்குத் தெரிந்தது கடப்பாரை நீச்சல் மட்டும்தான் என்பது அப்போது இரண்டு பேருக்கும் தெரிந்தது. பம்புசெட் குழாயைப் பிடித்துக்கொண்டு தொங்கிய அந்தக் கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். மூக்கில் ஏறிய அந்தத் தண்ணீரின் எரிச்சல் இன்றைக்கும் நினைவிருக்கிறது.

ஆகவே பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கியே பார்ப்பது என்று முடிவு செய்தேன். தலைமையாசிரியரையும் பஞ்சாயத்தாரையும் கெஞ்சி அனுமதி வாங்கினேன். நாலு ஞாயிறு பயிற்சி, ஐந்தாம் ஞாயிறு சோதனை. பிள்ளைகள் வேண்டுமென்றே தண்ணீரில் குதிப்பதைவிடப் பள்ளிக்கூட உடுப்போடு தவறி விழுவதுதான் அதிகம் என்பதால் யூனிஃபார்மிலேயே சோதனை.

தாளில் கோடு கிழித்து இரண்டு பத்தி போட்டேன். ஒன்று நீச்சல், இன்னொன்று பாதுகாப்பு. இரண்டும் ஒன்றல்ல என்பது முதல் வாரமே தெரிந்துவிட்டது. ஏரியைக் குறுக்காகக் கடக்கும் ஒரு பையனிடம், "உன் சிநேகிதன் மூழ்கினா இன்னா செய்வே?" என்று கேட்டேன். "குதிச்சிடுவேன் மிஸ்" என்றான். மூழ்குகிறவன் கழுத்தைக் கட்டிக்கொண்டால் இரண்டு பேரும் போக வேண்டியதுதான். காலிக் கேனை வீசு, கயிற்றை வீசு, கத்தி ஆளைக் கூப்பிடு என்று அவனுக்குப் புரியவைக்க எனக்குத் தொண்டை கட்டியது.

தொட்டிக்கு வெளியே உட்காருகிறவர்

சாலமன் அண்ணனுக்குக் கம்பெனியில் ஒரு விசித்திரமான வேலை. பெரிய பெரிய தொட்டிகளுக்குள் ஆட்கள் இறங்கிச் சுத்தம் செய்யும்போது, இவர் இறங்க மாட்டார். வாய்ப்பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களையும் வருகிறவர்களையும் கவனித்துக்கொண்டிருப்பார். அவருடைய அப்பா நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். "அவரு குனிஞ்சாரு, நான் குந்திக்கினு கீறேன். அவ்ளோதான் முன்னேற்றம்" என்று சொல்லிச் சிரிப்பார்.

எஸ்தர் மூலமாக என் திட்டத்தைக் கேள்விப்பட்டு அவரே பள்ளிக்கு வந்தார். கையில் அந்தப் பலகை இருந்தது. கழிவுத் தகரத்தில் வட்டம் வட்டமாக வெட்டி, நம்பர் குத்தி, ஓரத்தை ராவி எடுத்து வந்திருந்தார்.

"உள்ள போறவன் வில்லைய ஆணில மாட்டணும். வெளிய வரசொல்லோ எடுத்துக்கினு போணும். பலகைல வில்லை கீதுன்னா உள்ள ஆளு கீதுன்னு அர்த்தம் மிஸ். எங்க தொட்டிக்கு இதான் சட்டம்."

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. ஏரிக்கும் அதுதான் சட்டம் என்றேன்.

அவரே காலித் தண்ணீர்க் கேன்களைக் கயிற்றில் கோத்து, இடுப்பளவு ஆழம் உள்ள இடத்தைச் சுற்றி எல்லை கட்டிக் கொடுத்தார். அந்தக் கயிறு இல்லாமல் எங்கள் ஏரியில் ஒரு பிள்ளையையும் இறக்க முடியாது. ரோடு போடவும் மனை மேடாக்கவும் சவுடு மண் அள்ளி அள்ளி, ஏரிக்குள் எங்கே பள்ளம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. போன வருஷம் முழங்கால் தண்ணீர் நின்ற இடத்தில் இந்த வருஷம் இரண்டு ஆள் ஆழம் இருக்கும். மேலே பார்த்தால் ஒரே மாதிரித் தண்ணீர்தான்.

ஞாயிறுதோறும் முதல் ஆராதனை முடித்து, வெள்ளைச் சட்டையோடு அவர் கரைக்கு வருவார். பலகையைப் புளியமரத்தில் மாட்டிவிட்டுப் பக்கத்தில் நிற்பார். நாலு வாரமும் ஒரு வில்லைகூடத் தவறவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

தோஸ்துக்குச் செய்கிற உதவி

எங்கள் பக்கத்து ஜனங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முகத்தைப் பார்த்து வருகை பதியும் இயந்திரங்கள் கம்பெனிகளில் வருவதற்கு முன்னால், அட்டை தேய்க்கிற காலம் ஒன்று இருந்தது. ஒருவனுக்குப் பஸ் தவறினால் இன்னொருவன் அவன் அட்டையையும் சேர்த்துத் தேய்த்துவிடுவான். என் வீட்டுக்காரருக்குக் கல்யாணம் நடந்த அன்று காலையிலும் அவர் வேலைக்கு வந்ததாகக் கம்பெனியில் பதிவு இருக்கிறது. முகூர்த்த நேரத்தில் யாரோ ஒரு புண்ணியவான் கூடுதல் பாசத்தில் தேய்த்திருக்கிறான்.

இதை இங்கே யாரும் தப்பாக நினைப்பதில்லை. தோஸ்துக்கு இதுகூடச் செய்யாதவன் மனுஷனா என்று கேட்பார்கள். வீட்டில் இந்தக் கதைகளைச் சிரித்துச் சிரித்துச் சொல்லுவார்கள். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும். நானும் என் வீட்டுக்காரர் கதையை வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன், அந்தப் பாவமும் எனக்குச் சேரும்.

பரீட்சை என்றால் அனுப்பணும்

சங்கீதாவின் வீடு ஏரியின் கலங்கலுக்கு அந்தப் பக்கம். ஏரி நிரம்பி மிகுதித் தண்ணீர் கலங்கலில் வழியும் நாட்களிலும், அந்தப் பாசி பிடித்த கல்லின் மேல் நடந்துதான் பள்ளிக்கு வர வேண்டும். முந்தின கார்த்திகையில் அதில் வழுக்கி விழுந்தாள். வயலுக்குப் போன இரண்டு பேர் ஜடையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள்.

அதனால் மற்ற யாரையும்விட அவள் தண்ணீரில் இறங்க வேண்டும் என்று நினைத்தேன். அதே காரணத்தால் இறங்கவே கூடாது என்று மல்லிகா நினைத்தாள்.

"அன்னிலர்ந்து தண்ணின்னாலே நடுங்குது பொண்ணு. நடுங்கட்டும் மிஸ். அந்த நடுக்கம் கீற வரைக்கும்தான் அது உசுரு கெட்டி. தண்ணி பயகிப்போச்சின்னா தண்ணிக்குப் போவும்."

புருஷன் இல்லாமல் ஒற்றை ஆளாகப் பிள்ளையை வளர்ப்பவளிடம் நான் என்ன வாதம் செய்ய? ஆனால் கலங்கலைத் தாண்டாமல் பள்ளிக்கு வரவும் வழியில்லை. அடுத்த மழைக்குள் அந்தப் பெண் குறைந்தபட்சம் மிதக்கவாவது கற்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்று தோன்றியது.

நாலு ஞாயிறும் சங்கீதா கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் பைகளுக்குக் காவல் இருந்தாள். நான் மல்லாந்து மிதக்கச் சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் பைகளை விட்டுவிட்டு எழுந்து வந்து பார்ப்பாள். எஸ்தர் சொல்லித்தான் தெரியும், வீட்டில் பாயில் படுத்து அதே மாதிரி கையை விரித்துப் பார்ப்பாளாம்.

கடைசியில் நான் ஒரு தந்திரம் செய்தேன். "அடுத்த ஞாயிறு பரீட்சை. எல்லாரும் வந்தாகணும்" என்று மல்லிகாவுக்குச் சொல்லியனுப்பினேன். பரீட்சை என்ற சொல்லுக்கு எங்கள் ஊர் அம்மாக்கள் கட்டுப்படுவார்கள். "ஒரே நாளு. உன்ன நம்பி அனுப்புறேன்" என்று பதில் வந்தது.

சோதனை அன்றைக்குச் சங்கீதா பயந்து பயந்து பின்னால் போய், எஸ்தரோடு கடைசி ஜோடியாக இறங்கினாள். எஸ்தர் அவள் முதுகுக்கடியில் கையைக் கொடுத்து, மெதுவாக எடுத்தாள். சங்கீதா மிதந்தாள். நான் இருபது எண்ணினேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "போதும், ரெண்டு பேரும் ஏறி வாங்க" என்று சொல்லிவிட்டு, தாளில் எழுதத் திரும்பினேன். சாலமன் அண்ணன் டீ கேனை இறக்கிவைக்கப் போனார். அதற்குள் எல்லாம் நடந்துவிட்டது.

காது தண்ணீருக்குள்

"எப்ப எடுத்தே இத்த?" என்று எஸ்தரைக் கேட்டேன்.

"கரையேறசொல்லோ மிஸ். 'எனுதையும் சேத்து எடுத்துக்கோடி, தோ வந்துர்றேன்'னு சொல்லிச்சி."

"அப்ப அவ எங்க இருந்தா?"

"தண்ணிலதான் மிஸ்."

மல்லிகா செருப்போடும் கோட்டோடும் நேராகத் தண்ணீருக்குள் நடந்தாள். நான் விசிலை ஊதிக்கொண்டே பின்னால் ஓடினேன். சேறு காலைப் பிடித்து இழுத்தது. சாலமன் அண்ணன் ஒரு கேனையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். அவருடைய வெள்ளைச் சட்டை தெறித்த தண்ணீரில் மார்பு வரை நனைந்துவிட்டது. இத்தனை வருஷ வேலையில் நான் அவ்வளவு பயந்ததில்லை.

கயிற்று எல்லையின் ஒரு மூலையை ஒரு காட்டாமணக்குப் புதர் மறைத்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிப் போனோம். புதருக்குப் பின்னால் சங்கீதா மல்லாந்து கிடந்தாள். கை இரண்டும் விரிந்திருந்தன. கண் மூடியிருந்தது. ஜடை தனியாக மிதந்தது. காற்று அவளைத் தள்ளிக்கொண்டு வந்து, கயிற்றில் கட்டிய கேனில் தலை முட்டி நின்றிருந்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பள்ளம்.

விசிலை இன்னொருமுறை ஊதினேன். அவள் அசையவில்லை.

"வாய் அசையுது" என்றாள் மல்லிகா.

உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. பெண் எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்நூற்றுப் பன்னிரண்டு, ஐந்நூற்றுப் பதின்மூன்று. இரண்டு காதும் தண்ணீருக்குள் இருந்ததால் என் விசிலும் கேட்கவில்லை, நாங்கள் நடந்து வந்த சலசலப்பும் கேட்கவில்லை.

மல்லிகா பாய்ந்து பிடிக்கக் கையைத் தூக்கினாள். "வேணாம்மா" என்று மெதுவாகத் தடுத்தார் சாலமன் அண்ணன். "திடீர்னு தொட்டா பயந்து தடுமாறிடும். பாத்துக்கினு நில்லு. நாங்கதான் கீறோம்ல."

அவள் இடுப்பளவு தண்ணீரில் அப்படியே நின்று பார்த்தாள். தண்ணீரைக் கண்டாலே நடுங்கும் தன் பெண், தண்ணீர் மேல் நிம்மதியாகப் படுத்திருப்பதைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையை அவள் முதுகுக்கடியில் மெல்லக் கொடுத்தாள்.

சங்கீதா ஒரு கண்ணைத் திறந்தாள்.

"பேசாதம்மா. எண்ணிக்கினு கீறேன்."

கரைக்கு வந்ததும் மல்லிகா அந்த முதுகில் ஒன்று வைத்தாள். ஏரி முழுக்கக் கேட்டிருக்கும். அப்புறம் தன் கோட்டைக் கழற்றி, அதன் நனையாத தோள்பக்கத்தால் அதே முதுகைத் துவட்டினாள்.

இரண்டாவது பத்தி

சாலமன் அண்ணன் பலகைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். "இத்தினி வருசமா வில்லையப் பாத்துக்கினு கீறேன் மிஸ். இன்னிக்கி ஆளப் பாக்கல" என்றார்.

நான் மட்டும் பார்த்தேனா? இருபத்துநாலு தகரத்தை நம்பி, இருபத்துநாலு முகத்தை எண்ணாமல் பன்னைக் கடித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. பிள்ளைகள் முன்னாலேயே அதைச் சொன்னேன். இனிமேல் அவரவர் வில்லையை அவரவர்தான் எடுக்க வேண்டும், எடுக்கும்போது என் முகத்தைப் பார்த்துப் பெயரைச் சொல்ல வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினோம்.

"மொதல்ல எம் பொண்ணுக்குப் போடுங்க மிஸ்" என்றார் சாலமன் அண்ணன். "பாதுகாப்பு ஃபெயிலு."

"தோஸ்துக்கு உதவிதானே நைனா செஞ்சேன்?" என்று எஸ்தர் அழுதாள்.

"உதவின்னு நெனச்சிதான் செஞ்ச. அத்தான் ஃபெயிலு" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை.

எஸ்தருக்குப் போட்டேன். அடுத்தது சங்கீதா. முதல் பத்தியில் சந்தோஷமாக எழுதினேன்: மிதத்தல், தேர்ச்சி. இரண்டாவது பத்திக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

ஃபெயில் என்று எழுதினால் மல்லிகாவுக்கு அதைவிடக் காரணம் வேண்டாம். 'நான் அப்பவே சொல்லல?' என்று பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அனுமதி கொடுத்தது ஒரு நாளைக்கு, அந்த நாளும் முடிந்துவிட்டது. ஐப்பசியில் அந்தப் பெண் மறுபடி அந்தக் கலங்கல் மேல் நடப்பாள். பாஸ் என்று எழுதிவிட்டால் என்ன? ஒரு சொல்தானே என்று கை குறுகுறுத்தது. ஆனால் ஐந்நூறு எண்ணும் வரை அவள் எங்கே இருக்கிறாள் என்று ஒருத்தருக்கும் தெரியாமல் இருந்தது. அதற்குப் பெயர் பாதுகாப்பு என்று எழுத என்னால் முடியவில்லை.

ஃபெயில் என்று எழுதினேன். சங்கீதாவும் அழ ஆரம்பித்தாள்.

மல்லிகா தாளை வாங்கி, ஈர விரலால் வரிசையைத் தடவித் தன் பெண்ணின் பெயரைக் கண்டுபிடித்தாள். இரண்டு பத்தியையும் படித்தாள். நான் வசவுக்குத் தயாராக நின்றேன்.

"எங்க கம்பெனிலயும் சேஃப்டி டெஸ்ட்டு வெப்பாங்க மிஸ்" என்றாள். "ஃபெயிலானா கேட்டாண்டயே நிறுத்திருவாங்க. மறுபடி கிளாஸ்ல குந்த வெச்சி, மறுபடி டெஸ்ட்டு வெச்சி, பாஸானாதான் உள்ள உடுவாங்க. எனுக்கே ரெண்டு தபா ஆச்சி. பாதில உட்டுட்டு வர முடியாது."

தாளைத் திருப்பி என் கையில் வைத்தாள். பிறகு கேட்டாள்.

"இதுக்கு மறு டெஸ்ட்டு எப்ப?"

"ஏரி வத்தறதுக்குள்ள வெக்கணும்" என்றேன்.

மல்லிகா திரும்பி ஏரியைப் பார்த்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கரையோரமாகத் தண்ணீர் இறங்கிய இடத்தில் சேறு வெடிக்கத் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் அவள் முகத்தில் கவலை வந்தது.

"இன்னும் எத்தினி வாரத்துக்குத் தண்ணி நிக்கும் மிஸ்?" என்று கேட்டாள்.